நான் நிக்கிறன், சுவாமி

வருடத்தின் கடைசி நாளில் எங்கள் மாதா கோயிலில் பின்னேரம் நன்றி ஆராதனை நடக்கும். கிடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்றவர்கள் முழங்காலில் நின்று எதையெதையோ நினைக்கிறார்கள். எனக்கு நினைக்க ஒன்றுதான் இருக்கிறது. அது அந்தந்த வருடத்துப் பிழையும் இல்லை. பத்து வருடத்துக்கு முந்தியது. மூன்றே மூன்று சொல்லில் செய்தது. "நான் நிக்கிறன், சுவாமி." அப்படிச் சொன்னதால், நான் கலியாணம் முடிக்க இருந்தவளுக்கு நான் தகப்பனாகிப் போனேன்.

வாசிக்கிறவர்களுக்கு இது பகிடியாக இருக்கும். இருக்கட்டும். எங்கள் ஊரிலும் இரண்டு வருடம் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகள் முடியப்போகிற இந்த நேரத்தில் ஒரு முறை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். நியாயம் கேட்க அல்ல. யாரிடம் போய்க் கேட்பது என்றே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான் மீன்காரன். அந்த நாளில் முல்லைத்தீவுக் கரையில் விடிய வள்ளங்கள் வந்ததும் மீனை வாங்கிப் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கரியரில் கட்டி, ஒட்டுசுட்டான் தாண்டி நெடுங்கேணிப் பக்கமாகப் போவேன். வழியில் ஒரு குளத்தைத் திருத்தி, காட்டை வெட்டி, யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத குடும்பங்களுக்கு வயல் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். கடலைக் கண்ணால் காணாத இடம். நான் பாம் பாம் என்று சைக்கிள் கோனை அமத்தினால் பொம்பிளைகள் சட்டியோடு ஓடி வருவார்கள். மீனுக்குப் பாதி, என் வாய்க்குப் பாதி. சைக்கிளைவிட எனக்கு வாய் கெதியாக ஓடும் என்று அம்மா பேசுவா. ஒரு சொல்லைக் கண்டால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. பிரட்டி, முறித்து, வேறொன்றோடு ஒட்டிப் பார்த்தால்தான் ஆறுதல்.

அங்கே கடைசி வளவில் ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். தாய் இல்லை. தகப்பன் எந்த நேரமும் வயலில். அவரை அவள் 'ஐயா' என்று கூப்பிடுவாள். முதல் நாள் வேலியடிக்கு வந்து, சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மீன் இருக்கோ?"

"வானத்திலயும் இருக்கு, என்ர பெட்டியிலயும் இருக்கு. உமக்கு எது வேணும்?"

மற்றப் பெட்டைகள் என்றால் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வார்கள். இவள் யோசித்தாள்.

"வானத்தில இருக்கிறது நாறாது. அதைத் தாங்கோ."

என்னுடைய கதை அன்றைக்கே முடிந்தது. இருபது வருடம் நான் வாயால் வென்று திரிந்த ஆள். பதினெட்டு மைல் கட்டையும் சைக்கிள் உழக்கித் திரும்பும்போது பதிலுக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பிறகு கிழமைக்கு இரண்டு நாள் போட்டி. விளைமீன் கொண்டுபோனால், "உங்கட வயலில நெல்லு விளையுது, எங்கட கடலில மீன் விளையுது, பாத்தீரோ?" என்பேன். "நாங்கள் உழுது விதைச்சுக் காவல் இருந்து எடுக்கிறம். நீங்கள் விதைக்காமலே அள்ளுறியள். இது அநியாயமெல்லோ?" என்பாள். அநியாயம் என்பது அவளுடைய சொல். எதையும் நிறுத்துப் பார்க்கிற பிள்ளை. தராசை நான் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தால் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு நாள் ஒரு சூடை மீனைச் சும்மா மேலே போட்டுக் கொடுத்தேன். எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள்.

"நிறுத்தது மட்டும் காணும்."

"அன்புக்குத் தந்தது."

"அன்புக்குத் தந்தால் எல்லாருக்கும் தாங்கோ. முன்வீட்டு ஆச்சிக்கு நிறுத்துத் தந்துபோட்டு எனக்கு மட்டும் கூடத் தந்தால், அவாவுக்கு என்ன நியாயம்?"

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எங்கே விளங்கியது! இவளைத்தான் கட்டுவது என்று நினைத்துக்கொண்டு கோனை அமத்திக்கொண்டு போனேன்.

எங்கள் விருப்பம் தகப்பனுக்குத் தெரியவந்தபோது அவர் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. மண்வெட்டியோடு வேலியோரத்து ஒழுங்கைக்கு வந்து நின்றார். "தம்பி, இனி உம்மட சைக்கிள் இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான். சாதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, நாங்கள் வேதக்காரர், அவர்கள் சைவக்காரர் என்றும் சொல்லவில்லை. இரண்டும் அந்த ஒழுங்கையில் எங்களோடு நின்றன. நான் சைக்கிளைத் திருப்பினேன். மகளிடம் என்ன சொன்னார் என்று பிறகு அவள் வாயால் கேட்டேன். "போறதெண்டால் போ பிள்ளை. ஆனால் போனால் நான் தலை முழுகிப்போடுவன்."

அவள் வந்தாள். புரட்டாதி மாதம் ஒரு காலையில் முதல் பஸ்ஸில், ஒரு துணிப்பையோடு. என் வீட்டுக்கு வரவில்லை. கோயில் வளவுக்குப் போய் எங்கள் உபதேசியாரின் வீட்டுப் படலையில் நின்று, "வேதத்தில சேரவேணும்" என்று சொன்னாளாம். உபதேசியார்தான் எங்கள் ஊரில் ஞானோபதேசம் படிப்பிப்பவர். மெலிந்த, கறாரான மனிதர், ஆனால் தங்கமான மனம். அவருடைய மனைவி அவளைத் தன் மகளைப்போல வைத்துக்கொண்டா. மூன்று மாதம் படித்து, யேசு பிறந்த நத்தாருக்கு முந்தி ஞானஸ்நானம் பெற்று, தை மாதம் எங்களுக்குக் கலியாணம் என்று ஒழுங்கு. என் அம்மா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தா. ஐந்தாம் நாள் உபதேசியார் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, "வடிவான பிள்ளை. உனக்குக் கூடிப்போச்சு" என்றா.

அந்த மூன்று மாதமும் அவள் படித்த மாதிரி நான் ஒருத்தரும் படித்துக் காணவில்லை. நாங்கள் பிறந்த நாளிலிருந்து அந்தச் செபங்களை வாயில் போட்டு மென்றுகொண்டு இருக்கிறோம். என்ன சொல்கிறோம் என்று யோசித்ததே இல்லை. அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். இதற்கு என்ன அர்த்தம், அப்படியென்றால் இது எப்படி, இதைச் சொல்லிவிட்டுச் செய்யாவிட்டால் என்ன? உபதேசியார் சில இரவுகளில் புத்தகம் தேடிப் படித்தார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரித்தா. ஒரு ஞாயிறு நான் விசுவாசப் பிரமாணத்தை என் பாணியில் பிரட்டிச் சொல்லிக் காட்டினேன். ஊரில் எல்லோரும் வயிறு பிடித்துச் சிரிக்கிற பகிடி அது. அவள் முகம் மாறிப்போனது.

"மீனில பகிடி விடுங்கோ. இதில விடாதேங்கோ. நான் இதைச் சொல்லத்தான் ஐயாவை விட்டுட்டு வந்தனான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

எங்கள் ஊரில் ஞானஸ்நானம் என்றால் ஞானத்தாயும் நிற்க வேண்டும், ஞானத்தகப்பனும் நிற்க வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் ஏதோ குறை வைத்த மாதிரி. ஞானத்தாய்க்கு உபதேசியாரின் மனைவி. ஞானத்தகப்பனுக்கு என்னுடைய அம்மான், அம்மாவின் தமையன். அவர் வட்டுவாகல் கடல்நீரேரிக்கு அந்தப் பக்கம் இருந்தார். நத்தாருக்கு முந்திய கிழமை, சனிக்கிழமை காலை என்று நாள் குறித்தாயிற்று.

மழை வியாழக்கிழமை தொடங்கியது. நிற்கவே இல்லை. மார்கழி மழையைப் பற்றி வன்னியில் இருக்கிறவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சனி விடிய வட்டுவாகலில் தண்ணீர் பாதையை மூடிவிட்டது என்று கதை வந்தது. போதாக்குறைக்கு எங்கள் பங்குக் குருவான சுவாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக வேறு பங்கிலிருந்து ஒரு வயதான சுவாமியார் வந்திருந்தார். எங்களில் ஒருவரையும் தெரியாது. இன்னொரு கோயிலில் பத்து மணிப் பூசை இருக்கிறது என்று நேரத்தைப் பார்த்தபடி இருந்தார். அம்மானைக் காணவில்லை. உபதேசியார் குடையைப் பிடித்துக்கொண்டு, "நான் கரைக்குப் போய்ப் பாக்கிறன், வள்ளத்திலயாவது வந்திருப்பார்" என்று வட்டுவாகல் பக்கம் ஓடினார்.

அரை மணித்தியாலம். முக்கால். சுவாமியார் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவள் வெள்ளைச் சீலையோடு வாசலில் நின்றாள்.

"ஞானத்தகப்பன் ஆர்?"

உபதேசியாரின் மனைவி வாசலைப் பார்த்தா.

"ஞானத்தகப்பன் இல்லையோ? அப்ப நான் அடுத்த மாசம் வரட்டோ?"

அடுத்த மாதம் ஞானஸ்நானம் என்றால் கலியாணம் எப்போது? அவளைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. மூன்று மாதம் படித்துவிட்டு வாசலில் நிற்கிறவள். என் வாய் எப்போதும்போல என்னைக் கேட்காமல் திறந்தது.

"நான் நிக்கிறன், சுவாமி."

"நீர் கத்தோலிக்கனோ?"

"ஓம், சுவாமி."

"உறுதிபூசுதல் எடுத்தனீரோ?"

"ஓம், சுவாமி."

"பிறகென்ன? வாரும்."

அவர் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருந்தது. அவர் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. பக்கத்தில் நின்ற சிநேகிதனிடம், "தகப்பன் வராட்டி நான் தகப்பன், ஆளுக்கா பஞ்சம்?" என்று குசுகுசுத்துச் சிரிக்கவும் செய்தேன். கடவுளே, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உப்பு வைத்தார், எண்ணெய் பூசினார், தண்ணீர் ஊற்றினார். ஞானத்தகப்பன் வலது கையைப் பிள்ளையின் தோளில் வைக்க வேண்டும் என்று காட்டினார். வைத்தேன். அதற்கு முதல் அவளை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. மீனை வாங்கும்போது விரல்கூடப் பட்டதில்லை, அப்படிக் கவனமாக வாங்குவாள். சீலைக்கு மேலால் தோள் குளிர்ந்து கிடந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் சந்தோசத்தில் மிதந்துகொண்டு நின்றேன். பதிவுப் புத்தகத்தில் ஞானத்தகப்பன் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு சுவாமியார் மழைக்குள் போனார்.

உபதேசியார் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். நாங்கள் கோயில் முகப்பில் நின்று அவளுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அம்மான் வரேல்லை. தண்ணி இடுப்பளவு. முடிஞ்சுதோ? ஆர் நிண்டது?"

"நான்தான்" என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

அவர் என்னைப் பார்த்தார். குடையை மடக்கினார். பிறகு அப்படியே ஈரப் படியில் இருந்துவிட்டார்.

"அட பாவி" என்றார். "அட பாவி. என்ன வேலையடா செய்தனீ?"

அங்கேயே, அந்தப் படியிலேயே, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஞானத்தகப்பனுக்கும் ஞானப்பிள்ளைக்கும் ஆவியில் உறவு. தகப்பன், மகள் உறவு. திருச்சபைச் சட்டப்படி அவர்கள் கலியாணம் முடிக்கேலாது. நான் அவரோடு சண்டைக்குப் போனேன். அது குழந்தைப் பிள்ளைகளுக்குச் சொன்ன சட்டமாக இருக்கும், இவள் இருபது வயதுப் பெண், எனக்கு இருபத்தைந்து, எந்த ஊரில் இருபத்தைந்து வயதுக்காரனுக்கு இருபது வயதில் மகள், என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒராள் போதுமடா. என்ர மனுசி நிண்டவள்தானே, சட்டத்துக்கு அது காணும். ரெண்டு பேர் வேணுமெண்டது எங்கட ஊர் வழக்கம். நீ சும்மா நிண்டிருந்தால் போதும்."

சும்மா நின்றிருந்தால் போதும். என் வாழ்க்கையில் நான் ஒரு நாளும் செய்யாத வேலை அதுதான்.

அவள் ஈரச் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு உபதேசியாரின் மனைவியோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் எங்கள் சுவாமியார் கட்டிலில் எழுந்து இருந்தார். விசயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். ஆயரான மேற்றிராணியாருக்கு எழுதினால் சட்டத்திலிருந்து விலக்குத் தருவார், இப்படியான பிழைகளுக்குத் தருகிறது உண்டு என்று சொல்லி, காய்ச்சலோடேயே கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை நானே தபாற்கந்தோரில் சேர்த்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போய் வர வேண்டும். மழையில் பஸ் ஓடுகிற நாளும் இருக்கிறது, ஓடாத நாளும் இருக்கிறது.

அந்தப் பத்து நாளும் ஊர் என்னைத் தின்றது. நான் எல்லோரையும் பகிடி பண்ணித் திரிந்தவன். இப்போது என்னுடைய முறை. கரையில் மீன் ஏற்றப் போனால், "மகள் சுகமோ?" என்பார்கள். "பேரப்பிள்ளை எப்ப?" என்று ஒருவன் கேட்டான். அவனுடைய சட்டையைப் பிடித்துவிட்டேன், நாலு பேர் விலக்கினார்கள். அம்மா குசினி அடுப்படியில் இருந்து அழுதா. "சட்டம் விட்டாலும் ஊர் வாய் விடுமோடா? அவள் இப்ப உனக்குப் பிள்ளை முறையெல்லோ" என்றா. "நானோ அவளைப் பெத்தனான்?" என்று அம்மாவோடும் கத்தினேன். நத்தார்ப் பூசையில் அவள் பெண்கள் பக்கத்தில் முதல் முறையாக நற்கருணை நன்மை வாங்கப் போனாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று, கடவுளிடம் ஒரு கடிதத்தைத்தான் கேட்டேன்.

கடிதம் வருடத்தின் கடைசி நாள் மத்தியானம் வந்தது. சுவாமியார் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வாசித்துக் காட்டினார். விலக்குக் கிடைத்துவிட்டது. அறியாமல் செய்த பிழை, ஊருக்கு இடறல் வராமல் சுருக்கமாகக் கலியாணத்தை முடித்து வைக்கவும், என்று எழுதியிருந்தது. நான் அந்தக் கடதாசியைச் சுவாமியாரின் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினேன். செருப்பைச் சுவாமியாரின் அறைவீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தது பிறகுதான் தெரிந்தது.

உபதேசியார் வீட்டுக் குசினியில் அவளும் ஞானத்தாயும் வருடப் பிறப்புக்குப் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையைக் கழுவிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். ஞானத்தாய் குசினி வாசலில் நின்றா. நான் கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தாள். மடித்தாள். திருப்பித் தந்தாள்.

"நான் மாட்டன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "விலக்குத் தந்திருக்கினம். வாசிச்சனீர்தானே?"

"வாசிச்சனான்."

"பிறகென்ன? மேற்றிராணியாரே ஓம் எண்டிட்டார்."

"மேற்றிராணியாருக்கு அண்டைக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது. எனக்குத் தெரியும்." கிணற்றைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்கள் தோளில கை வைச்சனீங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு என்ர ஐயாவை நினைச்சன். எனக்கு ஐயா இல்லையெண்டு வந்த இடத்தில, இந்தா உனக்கொரு தகப்பன் எண்டு கடவுள் தாறார் எண்டு நினைச்சன். அது நீங்கள் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அப்பிடித்தான் நினைச்சன். அந்த நினைப்பு இப்ப போகுதில்லை."

"அது ஒரு சடங்கு! அந்தச் சனியன் பிடிச்ச மழை பெய்யாட்டி அம்மான் நிண்டிருப்பார்!"

"மழை பெஞ்சுது. நீங்கள் நிண்டனீங்கள்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னது!"

"நான் ஒண்டும் பேச்சுக்குச் சொல்லேல்லை. அண்டைக்கு நான் சொன்னது எல்லாம் மெய்யாய்ச் சொன்னது. இதை ஒரு கடதாசியால அழிக்கலாமெண்டால், மற்றதையும் அழிக்கலாம்தானே? பேந்து நான் எதுக்கு ஐயாவை விட்டுட்டு வந்தனான்?"

நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். "மூண்டு மாசத்துக்கு முதல் உமக்குச் சிலுவை போடவே தெரியாது. நீரோ எனக்கு வேதம் படிப்பிக்கிறது?" என்று கத்தினேன். குசினி வாசலில் ஞானத்தாய் "அய்யோ தம்பி" என்றா. அவளுக்குக் கண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.

"உங்களில எனக்கு விருப்பம் இல்லையெண்டு நினைச்சுப்போடாதேங்கோ" என்றாள். "இது எனக்கும் அநியாயம்தான்."

அன்று பின்னேரம் நன்றி ஆராதனைக்கு ஊர் முழுக்க வந்தது. நான் வாசலடியில் நின்றேன். அவள் முன்னால், பெண்கள் பக்கத்தில். எல்லோரும் நன்றி சொன்னார்கள். சட்டம் என் பக்கம். சட்டைப் பைக்குள் கடிதம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிழை செய்தவன் என்று காட்ட ஒருவனாவது இருந்தால் அவனை அடித்தாவது ஆறலாம். அன்று வந்த சுவாமியார் மேல் பிழையா? அவர் எங்களைத் தெரியாத மனிதர். அம்மானா? வெள்ளத்தில் எப்படி வருவார்? எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் என் வாயிலேயே வந்து முடிந்தது.

ஒரு மாதம் கழித்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளுடைய தகப்பனிடம் போனேன். மகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம் என்று. அவர் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். வரம்பில் நின்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டியபடி மற்ற வரம்புக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் உபதேசியார் வீட்டிலேயே இருந்து தையல் பழகினாள். இரண்டு வருடம் போனது. ஒரு நாள் பின்னேரம் எங்கள் வீட்டுப் படலையில் ஐந்தாறு பேர் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து நின்றார்கள். தென்பக்கத்துக் கரையூர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒரு வாத்தியாருக்குப் பெண் கேட்டு வந்தவர்கள். பெண்ணுக்குத் தகப்பன் இல்லாத இடத்தில் ஞானத்தகப்பனிடம்தான் கேட்க வேண்டும். முறையை அறிந்து முறையாக வந்திருந்தார்கள். அம்மா கதிரை போட்டா, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. வந்தவர்களில் பெரியவர் மிகுந்த மரியாதையாக, "உங்கட பிள்ளையை எங்கட பெடியனுக்குக் கேக்க வந்தனாங்கள்" என்றார். அவருக்கு என்னைவிட முப்பது வயது கூட இருக்கும்.

பிள்ளையைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்டேன்.

"உமக்கு விருப்பமோ?"

"நீங்கள் விசாரிச்சனீங்களோ?"

"விசாரிச்சனான். நல்ல மனுசன். குடியில்லை. கதையும் குறைவு."

"அப்ப ஓம்" என்றாள்.

விசாரித்தது உண்மை. மூன்று நாள் சைக்கிளில் அலைந்து, ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று ஊர் ஊராகக் கேட்டேன். ஒன்றும் அகப்படவில்லை, பாழாய்ப்போனவன் தங்கமான ஆள்.

நத்தார் கழிந்து வருடக் கடைசிக் கிழமையில் கலியாணம். அந்த மார்கழியில் மழை இல்லை. என்ன நியாயமோ! நான் புது வேட்டி கட்டி, அவளைக் கோயில் வாசலிலிருந்து கூட்டிக்கொண்டு நடந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி தூரத்தில் மெல்லச் சொன்னாள். "கெதியா நடக்காதேங்கோ." மெதுவாக நடந்தேன். பீடத்தடியில் வாத்தியாரிடம் அவளை விட்டுவிட்டு, எனக்குப் போட்டிருந்த முன் கதிரையில் இருக்க மனமில்லாமல், வழமைபோல வாசலடிக்கு வந்தேன்.

வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய தகப்பன் நின்றார். தோளில் சால்வை, காலில் காய்ந்த வயல் சேறு. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பாதித் தூரம் நடந்தே வந்திருந்தார். உள்ளே வரலாமோ, செருப்பை எங்கே விடுவது என்று ஒன்றும் தெரியாமல் நின்றார். யாரோ மீன்காரர் சொல்லிக் கலியாணம் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்ததைப் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டதும் திகைத்தார். பிறகு பீடத்தைப் பார்த்தார்.

"அங்க நிக்கிறது ஆர்?"

"மாப்பிள்ளை."

"அப்ப நீர்?"

"நான் ஞானத்தகப்பன்."

"அதெண்டால்?"

"தகப்பன் இல்லாத இடத்தில தகப்பனா நிக்கிறவன்" என்றேன்.

"தகப்பன் நான் இருக்கிறன்தானே?"

"ஓம், ஐயா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

"நீர் கட்டேல்லையெண்டால், பேந்து என்னத்துக்கடா தம்பி என்ர பிள்ளையை என்னட்டை இருந்து பிரிச்சனீ?"

மழையைச் சொல்வதா, அம்மானைச் சொல்வதா, மூன்று சொல்லைச் சொல்வதா? இருபது வருடமாக ஓயாத வாய். ஒரு சொல் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பூசை முடிந்தது. கலியாணம் முடித்தவர்கள் முதலில் பெற்றோரிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும். பெண்ணுக்கு நான். அவள் மாப்பிள்ளையோடு நேராக என்னை நோக்கி வந்தாள். இரண்டடி இருக்கும்போது எனக்குப் பின்னால் நின்றவரைக் கண்டாள். நான் ஒதுங்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அவர் காலில், அந்தச் சேற்றுக் காலில் விழுந்தாள். அவர் அழுதுகொண்டு தலையில் கை வைத்தார். மாப்பிள்ளையும் விழுந்தார். அது நியாயம். அதைவிட நியாயம் வேறு இல்லை. அவர்கள் அழுது முடித்து, படம் பிடித்து, பந்தலுக்குள் போகும்வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன். புருசனாகத்தான் நிற்கக் கிடைக்கவில்லை என்றால், தகப்பனாக நின்ற அந்த இடமும் அன்றைக்குப் போய்விட்டது.

பின்னேரம் அவர் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது என்னைத் தேடி வந்தார். என்ன நடந்தது என்று மகள் சொல்லியிருப்பாள் போல. என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, இனி நீர் எங்கட பக்கம் மீன் கொண்டு வாரும்" என்றார்.

அன்றிலிருந்து இன்றுவரை கிழமைக்கு ஒரு நாள் போகிறேன். கோனை அமத்துகிறேன். கிழவர் சட்டியோடு வேலியடிக்கு வருவார். நத்தார் விடுமுறை என்றால் அவள் பிள்ளைகளோடு வந்து நிற்பாள். போன கிழமையும் அவள்தான் சட்டியோடு வந்தாள். நேர்த்தியாக நிறுத்துக் கொடுத்தேன், ஒரு மீன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"மீன் இருக்கோ?" என்றுதான் முதலில் கேட்டாள், அந்த நாள் மாதிரி. பதிலுக்காகக் கொஞ்சம் காத்துக்கொண்டும் நின்றாள்.

"இருக்கு" என்றேன்.